'பின்' என்னும் ஒரு சொல்

சிறு சொல்லொன்று எத்தனை கதவுகளை அடைத்துவிடும் என்பதற்குப் 'பின்' நல்ல சான்று. 1956ஆம் ஆண்டின் இந்து சிறார் காப்பாளர் சட்டம், தந்தையை இயற்கைக் காப்பாளராக்கி, அவருக்குப் 'பின்' தாயை நிறுத்தியது. நாவலாசிரியர் கீதா ஹரிஹரன் தொடுத்த வழக்கில், அச்சொல் தந்தையின் மறைவை மட்டுமன்றி அவர் பொறுப்பேற்காத நிலையையும் குறிக்கும் என்று 1999இல் உச்ச நீதிமன்றம் பொருள் கண்டது.

ஆயினும் நான் பணியாற்றிய பள்ளியில், பிரிந்து வாழ்ந்த தாயொருவரிடம் மாற்றுச் சான்றிதழுக்குத் தந்தையின் கையொப்பம் கேட்டார்கள். நீதிமன்ற ஆணை உண்டா என்று எவரும் வினவவில்லை. மாறாகச் சிறுமியை அழைத்து, "உனக்கு அப்பா வேண்டுமா, அம்மா வேண்டுமா?" என்றார்கள். அவள் தரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பள்ளிகள் செய்ய வேண்டியது எளிது நண்பர்களே: ஆணையின் நகலைக் கேளுங்கள், குழந்தையைச் சாட்சியாக்காதீர்கள்.