மூலைக்கு மூலை

வாகனங்களைப் பற்றி எழுதும் தகுதி எனக்கு இல்லை. கல்லூரியில் தமிழ் இலக்கணம் கற்பிப்பவன். வண்டியின் சங்கிலி கழன்றால் அதைத் தள்ளிக்கொண்டே பட்டறைக்குப் போகிறவன். எனினும் சென்ற ஆண்டுக் கோடை விடுமுறையில் ஆறு வாரங்கள் கலிஃபோர்னியாவில் அண்ணன் வீட்டில் தங்கியிருந்தபோது, அவர் ஒரு காரின் அடிச்சட்டகத்தைத் தம் கையாலேயே கட்டிக்கொண்டிருந்ததை அருகிலிருந்து பார்த்தேன். பார்த்தேன் என்பதும் முழு உண்மை ஆகாது. ஒரு நூலின் முனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அந்த நூலைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று தோன்றுகிறது.

லாஸ் ஏஞ்சல்ஸுக்குக் கிழக்கே ரிவர்சைடு நகரில் அண்ணனின் வீடு. கணினித் துறையில் வேலை. வீட்டோடு ஒட்டிய கார்க் கொட்டகையில் கார் நிற்பதில்லை. அதன் நடுவே இரும்பு மேசை ஒன்றும் அதன்மேல் இரும்புக் குழாய்களும் கிடந்தன. பக்கத்து வீட்டு முதியவர் ஒருவர் இளமையிலிருந்தே ‘ஹாட் ராட்’ கட்டுபவர். பழைய காரை எடுத்து, வேண்டாத பாகங்களைக் கழற்றி எறிந்து, வலிய எஞ்சினைப் பொருத்தி, தாழ்வாகவும் வேகமாகவும் ஓடும்படி செய்வதே ஹாட் ராட். அவரிடமிருந்து இந்தப் பித்து அண்ணனுக்குத் தொற்றிக்கொண்டது.

அந்தப் பித்துக்குப் பிறந்த மண்ணும் அதுதான். 1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவின் இளைஞர்கள் மலிவாகக் கிடைத்த பழைய ஃபோர்டு கார்களின் சக்கர மூடிகளைக் கழற்றிவிட்டு, மியூராக், எல் மிராஜ் முதலிய வறண்ட ஏரிப் படுகைகளுக்கு ஓட்டிச் சென்று பந்தயம் விட்டார்கள். 1937இல் அவர்களுடைய குழுக்கள் கூடித் தமக்கென ஒரு சங்கம் அமைத்துக்கொண்டன. போருக்குப்பின் 1948 ஜனவரியில் ‘ஹாட் ராட்’ என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது. அண்ணன் வாங்கியிருந்தது 1931ஆம் ஆண்டின் மாடல் ஏ காரின் மேற்கூடு மட்டும். அது கொட்டகையின் மூலையில் தலையில்லாத உடல் போல நின்றது. அதைத் தாங்கும் சட்டகத்தைத்தான் அவர் புதிதாகக் கட்டிக்கொண்டிருந்தார்.

எங்கள் அப்பா கம்பம் பள்ளத்தாக்கில் வண்டித் தச்சர். கருவேலங்கட்டையில் குடம் கடைந்து, ஆரக்கால் இறக்கி, வட்டை பூட்டி, பழுக்கக் காய்ச்சிய இரும்புப் பட்டையை ஏற்றித் தண்ணீர் ஊற்றும்போது எழும் ஆவியின் வாசனை இன்றும் என் நாசியில் இருக்கிறது. 1980களில் டிராக்டர் பெருகப் பெருக அவருடைய கொட்டடியில் வேலை குறைந்தது. அண்ணன் படித்துக் கடல் கடந்தார். நான் படித்து உள்ளூரிலேயே தங்கினேன். அப்பாவின் தொழிலை எவரும் தொடவில்லை.

நான் போய் இறங்கிய அன்றிரவே அண்ணன் கேட்டார்: “மூலைமட்டம் கொண்டுவந்தியா?”

அப்பாவின் மூலைமட்டத்தைக் கொட்டகைச் சுவரில் மாட்ட வேண்டும் என்று அவருக்கு நெடுநாள் ஆசை. “பெட்டி எடை கூடிருச்சுண்ணே, பரண்ல பத்திரமா இருக்கு” என்றேன். அவர் வேறெதுவும் கேட்கவில்லை.

சட்டகம் என்பது பார்ப்பதற்கு ஓர் ஏணிதான். நீளவாட்டில் இரண்டு கம்பிகள், குறுக்கே நாலைந்து. அண்ணன் எடுத்துக்கொண்டது நாலு அங்குல உயரமும் இரண்டு அங்குல அகலமும் 3/16 அங்குலக் கனமும் உள்ள செவ்வக இரும்புக் குழாய். முதலில் குழாயைத் தொடவே கூடாது என்பதுதான் முதற்பாடம். டயர்களையும் அச்சுகளையும் தரையில் அவை நிற்கவேண்டிய இடத்தில் நிறுத்தி, வண்டி எவ்வளவு உயரத்தில் உட்காரவேண்டும் என்று முடிவுசெய்த பிறகே சட்டகத்தின் வளைவு தீர்மானமாகும். தாழ்வாக ஓடும் வண்டி என்பதால் பின் அச்சுக்கு மேலே சட்டகம் படி ஏறுவதுபோல் உயர்ந்து போகவேண்டும். இல்லையென்றால் பள்ளத்தில் இறங்கும்போது அச்சு சட்டகத்தில் இடிக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையே மாடல் ஏ காரின் அளவான 103½ அங்குலத்தையே அவரும் வைத்துக்கொண்டார்.

முன்பக்கத் தொங்கலைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. வில்வண்டியின் வில்லேதான் அது. இரும்புப் பட்டைகளை அடுக்கி வளைத்த ஒற்றை வில், அச்சுக்கு இணையாகக் குறுக்கே கிடக்கிறது. குதிரை வண்டியிலிருந்து வந்த இந்த ஏற்பாட்டை ஹென்றி ஃபோர்டு 1908இல் மாடல் டி காரில் வைத்தார். ஃபோர்டு கார்கள் 1948 வரை இதைக் கைவிடவில்லை. வில்லின் இரு முனைகளும் அசையும் கொளுவிகளில் தொங்குவதால் வண்டி பக்கவாட்டில் ஆடும். அதைத் தடுக்கச் சட்டகத்தையும் அச்சையும் குறுக்கே இணைக்கும் ஒரு தண்டு உண்டு. அச்சு முன்னும் பின்னும் நகராதபடி பக்கத்துக்கு இரண்டாக நீளத் தண்டுகளும் உண்டு. அவற்றின் முனைகளில் மரை இருப்பதால் திருகி நீட்டலாம், குறுக்கலாம். இந்த மரைகளை வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

முன் சக்கரம் திரும்பும் ஊசி நேர்க்குத்தாக நிற்பதில்லை. அதன் தலை ஐந்து முதல் ஏழு பாகை வரை பின்னோக்கிச் சாய்ந்திருக்கிறது. அந்தச் சாய்வு இருந்தால்தான் திருப்பிய சக்கரம் கைவிட்டதும் தானாக நேருக்கு வரும். இல்லாவிட்டால் வண்டி மனம்போன போக்கில் அலையும். எத்தனையோ ஆண்டுகள் பேருந்தில் போய்வந்தவன் நான். ஓட்டுநர் சக்கரத்தைத் தளர்த்தியதும் அது சுழன்று நேராவதைப் பார்த்திருக்கிறேன். அது ஒரு கோணத்தால் நிகழ்கிறது என்பதை 46 வயதில்தான் அறிந்தேன்.

ஒவ்வொரு நாள் மாலையும் அளவெடுப்பு நடந்தது. ரசமட்டம், தூக்குக்குண்டு, இவற்றோடு ஒரு பருத்தி நூல். இடப்பக்க முன்மூலையிலிருந்து வலப்பக்கப் பின்மூலைக்கு ஒருமுறை. வலப்பக்க முன்மூலையிலிருந்து இடப்பக்கப் பின்மூலைக்கு ஒருமுறை. இரண்டும் சமமாக இருந்தால் சட்டகம் நேர். அண்ணனிடம் நல்ல எஃகு நாடா இருந்தது. ஆனாலும் கடைசிச் சரிபார்ப்புக்கு அவர் நூலையே எடுத்தார். அப்பா வண்டிப் பாரைக் கோக்கும்போது செய்தது இதுதான். முனையைப் பிடிக்கும் வேலை அண்ணனுடையதாக இருந்து, அவர் பள்ளி விடுதிக்குப் போன பிறகு என்னுடையதாயிற்று. அப்பா பேசமாட்டார், நூலை ஒரு சுண்டு சுண்டுவார். சரி என்று பொருள்.

நான் ஊர் திரும்ப ஒரு வாரமே இருந்தது. போவதற்குள் சட்டகம் முழுமையாக நிற்பதைப் பார்க்க வேண்டும் என்று நான்தான் நச்சரித்தேன். வெல்டிங் செய்வதில் ஒரு முறை இருக்கிறது. உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும். சுருங்கும்போது தன்னோடு சேர்ந்ததையும் இழுக்கும். ஆகவே முதலில் எல்லா இணைப்புகளையும் புள்ளி புள்ளியாக ஒட்டிவிட்டு, பிறகு இங்கே ஓர் அங்குலம், எதிர்ப்பக்கம் ஓர் அங்குலம் என்று மாறி மாறிப் போகவேண்டும். இடையிடையே ஆறவிட வேண்டும். அன்று மாலை அண்ணன் அவசரப்பட்டார். நடுக்குறுக்குத் தண்டின் ஒரு பக்கத்தை ஒரே மூச்சில் முடித்துவிட்டு மறுபக்கத்துக்குப் போனார். மேசையோடு கிளாம்ப் போட்டு இறுக்கியிருந்ததால் அளந்தபோது எல்லாம் சரியாகவே இருந்தது.

மறுநாள் கிளாம்புகளைத் தளர்த்தினோம். மெல்லிய ஓர் ஓசை கேட்டது. நூலைப் பிடித்தோம். ஒரு மூலைவிட்டத்துக்கும் மற்றதற்கும் 3/8 அங்குலம் வித்தியாசம். இறுக்கிப் பிடித்திருந்தவரை உள்ளே அடங்கிக் கிடந்த இழுவிசை, பிடி விட்டதும் சட்டகத்தைச் சாய்சதுரமாக்கிவிட்டது.

பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்தார். 3/8 அங்குலம் பெரிய விஷயம் இல்லை என்றார். பின் அச்சின் தண்டுகளில்தான் மரை இருக்கிறதே, ஒரு பக்கத்தைச் சற்று நீட்டி அச்சை நேராக்கிவிடலாம். வண்டி நேராகத்தான் ஓடும். மேலே கூடு உட்கார்ந்துவிட்டால் ஒருவருக்கும் தெரியாது. அவர் சொன்னது பொய்யில்லை. பலர் அப்படிச் செய்வதுண்டாம்.

அண்ணன் வெகுநேரம் பேசாமல் இருந்தார். பெரியவர் போன பிறகு என்னிடம் தமிழில் சொன்னார்: “மரை வெச்சிருக்கிறது தேய்மானத்துக்கு. என் தப்ப மறைக்கிறதுக்கு இல்ல. நாளைக்கு வெட்டிருவோம்.”

இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. ஆறு ஆண்டுகளுக்கு முன், வீட்டைச் செப்பனிட்டபோது அப்பாவின் கொட்டடியைப் பிரித்தேன். உளி, வாய்ச்சி, இழைப்புளி, கொட்டாப்புளி, அந்த மூலைமட்டம் எல்லாவற்றையும் பழைய இரும்புக்காரருக்கு எடைபோட்டுக் கொடுத்துவிட்டேன். பணத்துக்காக இல்லை. அன்று கொத்தனார்களின் அவசரம், வைக்க இடமில்லை, யார் இதைக் கேட்கப்போகிறார்கள் என்ற அலட்சியம். அண்ணனைக் கேட்கத் தோன்றவேயில்லை. அதன்பின் அவர் தொலைபேசியில் கேட்கும்போதெல்லாம் பரணில் இருக்கிறது என்றேன், தேடிப் பார்க்கிறேன் என்றேன், பெட்டி எடை என்றேன். ஒவ்வொரு முறையும் மரையை ஒரு சுற்றுத் திருகிக்கொண்டே இருந்திருக்கிறேன். வெளியே எல்லாம் நேராக ஓடிக்கொண்டிருந்தது.

எழுந்து கொட்டகைக்குப் போனேன். அண்ணன் அங்கேதான் இருந்தார், மேசையருகில் முக்காலியில். சொல்லிவிட்டேன். எப்படிச் சொன்னேன் என்பது நினைவில்லை. சொற்களையே தொழிலாகக் கொண்டவனுக்கு அன்று வாக்கியம் கூடவில்லை.

அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “வாய்ச்சியுமாடா?”

“ஆமாண்ணே.”

அப்பாவின் வாய்ச்சிக் காம்பில் அவருடைய கட்டைவிரல் பதிந்து ஒரு பள்ளம் இருந்தது. சிறுவர்களாக இருந்தபோது இருவரும் எங்கள் விரல்களை அதில் வைத்துப் பார்த்திருக்கிறோம். அண்ணன் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே போனார்.

காலை ஆறு மணிக்குக் கிரைண்டரின் அலறலில்தான் விழித்தேன். நடுக்குறுக்குத் தண்டின் இரு இணைப்புகளையும் வெட்டி முடித்திருந்தார். நீண்டுபோன மூலைவிட்டத்தில் சங்கிலியைப் பூட்டி, கைநெம்புகோல் கொண்டு கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னார்: “வா, நூலைப் பிடி.”

இரண்டு நாள்கள் ஆயின. ஓர் அங்குலம் இங்கே, ஓர் அங்குலம் அங்கே. கைவைத்தால் சுடாத அளவுக்கு ஆறும்வரை காத்திருத்தல். இறுதியில் கிளாம்புகளைத் தளர்த்தியபோது ஓசை எழவில்லை. வித்தியாசம் 1/16 அங்குலத்துக்குள் இருந்தது. அண்ணன் நூலை ஒரு சுண்டு சுண்டினார். வெட்டி ஒட்டிய இடத்தில் இரும்பின் நிறம் மட்டும் சற்றே வேறாகத் தெரிந்தது. அதன்மேல் பின்னர் வண்ணம் பூசியிருப்பார்.

தீபாவளியன்று தொலைபேசியில் அழைத்தார். வண்டியை முதன்முறையாகத் தெருவில் ஓட்டினாராம். “ஆளில்லாத ரோட்டுல ஒரு நிமிஷம் கையை எடுத்தேன்டா. நேரா போச்சு” என்றார். அண்ணி, பிள்ளைகள், என் வகுப்புகள் என்று பேச்சு வழக்கம்போலப் போயிற்று.

மூலைமட்டத்தைப் பற்றி அவர் அதற்குப்பின் கேட்பதேயில்லை. முன்பெல்லாம் அந்தக் கேள்வி வராமல் இருக்க வேண்டுமே என்று அஞ்சுவேன். இப்போது ஒவ்வொரு அழைப்பிலும் அதற்காகக் காத்திருக்கிறேன். இரும்பை வெட்டலாம், இழுக்கலாம், மீண்டும் ஒட்டலாம். எடைக்குப் போட்டதைத் திரும்ப வாங்க முடியாது. அளந்து பார்க்க ஒப்புக்கொண்டேன் என்பது மட்டும்தான் நான் செய்தது.