கம்பத்துச் சிறுவனும் தோட்டத்துப் பிள்ளைகளும்

தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டு முடித்து இடைநிலைப்பள்ளிக்குப் போகும் நம் பிள்ளைகள் பலர், முதல் வருடம் வாயே திறப்பதில்லை. ஜாசின், அலோர் காஜா பக்கத் தோட்டங்களிலிருந்து வருகிறவர்கள் ‘வீடு எங்கே?’ என்றாலே தயங்குகிறார்கள்.

அவர்களோடு கார்ட்டூனிஸ்ட் லாட்டின் ‘தி கம்போங் பாய்’ வாசித்து வருகிறேன். 1979-இல் வந்த படக்கதை. பேராக் கம்பத்துச் சிறுவன் ஒருவன் ஆற்றில் குளித்து, குர்ஆன் ஓதக் கற்று, கடைசியில் ஈப்போ விடுதிப் பள்ளிக்குப் புறப்படுகிறான். ஈயம் தோண்டும் கம்பெனி ஊரை நெருங்குகிறது.

அந்தப் பக்கம் வந்ததும் பிள்ளைகள் பேசத் தொடங்கினார்கள். “எங்க தோட்டத்தையும் வித்துட்டாங்க சார். லயம் இருந்த இடத்துல இப்போ தாமான்.” மலாய்ச் சிறுவனின் கதை அவர்களுடையதாகவும் ஆனது, எனக்கு அதில் அவ்வளவு மகிழ்ச்சி. இப்போது அவர்களே வரைகிறார்கள்: பெரட்டுக்களம், பாட்டி பால் வெட்டிய நிரை, முனியாண்டி கோயில்.

அடுத்து காஜா பேராங் செட்டிக் கம்பத்துக்கு அழைத்துப்போகப் போகிறேன். வீட்டில் மலாய் பேசி, தலைமுறை தலைமுறையாக இந்து வழிபாட்டைக் காத்துவரும் மலாக்கா செட்டிகளை அவர்கள் சந்திக்க வேண்டும்.

பழைய தோட்டப் படங்கள் வைத்திருப்போர் உள்பெட்டியில் அனுப்புங்கள். பிள்ளைகள் பார்த்து வரைவார்கள்.