ஒற்றைக்காலில் நிற்கும் கரடி

கனடாவின் வடகோடியில், பாஃபின் தீவின் தென்மேற்கு ஓரத்தை ஒட்டிய ஒரு சிறு தீவில் கின்கைட் என்னும் ஊர் உள்ளது. 2020 வரை அதன் பெயர் கேப் டோர்செட். சாலை வழியாக அங்கே செல்ல இயலாது. பெரும்பாலும் விமானத்தில்தான் போய் இறங்க வேண்டும். அவ்வூர்ச் சிற்பிகள் கடுங்குளிரிலும் வீட்டிற்கு வெளியே அமர்ந்து கல்லைச் செதுக்குவதை நீங்கள் காணலாம். கல்தூசு நுரையீரலைக் கெடுத்துவிடும் அல்லவா!

பனிக்கரடி, சீல், வால்ரஸ், ஆந்தை ஆகியவை அவர்களுடைய கைகளில் உருப்பெறுகின்றன. நாட்காட்டியில் மான் வரைபவர் மானைக் கண்டிருப்பாரோ என்னவோ! இனுயிட் சிற்பிகளுள் முன்னோடிகளோ வேட்டையாடி உண்டு வாழ்ந்தவர்கள். 2009இல் மறைந்த பௌட்டா சைலா அவர்களுள் ஒருவர். அவர் செதுக்கிய கரடி, தன் பேருடலை ஒற்றைக்காலில் தாங்கி நடனமாடுகிறது. உரோமம் ஒன்றுகூடச் செதுக்கப்படவில்லை. ஆயினும் அது கரடியேதான்.

நரித்தோலின் விலை வீழ்ந்து இம்மக்கள் வருந்திய காலத்தில், ஜேம்ஸ் ஹூஸ்டன் என்னும் ஓவியர் வடபுலத்தில் திரட்டிச் சென்ற சிற்பங்கள் 1949இல் மாண்ட்ரியல் நகரில் விற்பனைக்கு வைக்கப்பட்டன. மூன்றே நாட்களில் அனைத்தும் விற்றுத் தீர்ந்தன. 1959இல் கின்கைட் மக்கள் தமக்கென ஒரு கூட்டுறவுச் சங்கத்தையும் நிறுவினர்.

புகழ் வந்ததும் போலிகளும் வந்தன. அச்சில் வார்த்த கரடிகள் கடைகளில் குவிந்தால் சிற்பியின் அடுப்பு எவ்வாறு எரியும்? எனவே 1958 முதல் அசல் சிற்பங்களுடன் பனிவீட்டுச் சின்னம் பொறித்த அட்டை ஒன்று இணைக்கப்படுகிறது. கனடா செல்லும் உறவினர் எவரேனும் கற்கரடி வாங்க விரும்பினால், அந்த அட்டையைக் கேட்டுப் பார்த்து வாங்குமாறு சொல்லுங்கள்.