காப்பி

காப்பி என்றவுடன் நேயர்களுக்கு டபராவும் டம்ளரும் கண்முன் நிற்கும். பத்திரிகாலயத்திலே விஷயம் வேறு. "காப்பி இன்னும் வரவில்லை" என்று உதவி ஆசிரியர் கூவினால், ஹோட்டல் பையனைத் தேடி ஓடிப் பயனில்லை. கட்டுரையாளர் இன்னும் எழுதி முடிக்கவில்லை என்று பொருள்.

ஆங்கிலத்திலிருந்து வந்த இந்த ஒரு சொல்லுக்குப் பத்திரிகைத் தொழிலில் எத்தனை அர்த்தம்! அச்சுக்குப் போக வேண்டிய எழுத்து காப்பி. கம்பாஸிட்டர் போய்க் கணிப்பொறி வந்த பின்பும் அந்தப் பெயர் மாறவில்லை. அச்சாகி வெளிவரும் ஒவ்வோர் இதழும் காப்பி. விளம்பரக்காரர் எழுதும் வாசகமும் காப்பி. யானை மிரண்டு ஓடினாலும், நெசவாளி பட்டினி கிடந்தாலும், "நல்ல காப்பி!" என்று நிருபர் பென்சிலைத் தீட்டுவார். கடைசியாக, பிறர் எழுதியதை எடுத்துத் தம் பெயரைப் போட்டுக்கொள்வதும் காப்பியே. ஆக, பெற்ற பிள்ளைக்கும் காப்பி என்று பெயர். பிள்ளையைத் திருடுவதற்கும் காப்பி என்று பெயர். இங்கேதான் நமக்கு ஆட்சேபம்.

சின்ன காஞ்சிபுரத்தார் இவ்விஷயத்தில் தெளிவானவர்கள். ஸ்ரீ வரதராஜப் பெருமாள் கோயிலில் அத்திவரதர் அனந்தசரஸ் திருக்குளத்துக்குள் சயனித்திருக்கிறார். நாற்பது வருஷத்துக்கு ஒரு முறை வெளியே வருபவர், 1979-இலும் 2019-இலும் சேவை சாதித்தார். சந்நிதியில் நிற்பவர் மூலவர்; கருடசேவைக்கு வீதியில் எழுந்தருள்பவர் உத்ஸவர். ஒருவரை இன்னொருவருடைய நகல் என்று அந்த ஊரில் எந்தப் பாட்டியும் சொல்லமாட்டாள். ஒவ்வொருவருக்கும் பெயர் தனி, ஸ்தானம் தனி.

தறியிலும் இப்படியே. கரையையும் உடலையும் வெவ்வேறு நிறத்தில் நெய்து பிரியாதபடி பூட்டுவதற்குக் கோர்வை என்று பெயர். மூன்று நாடா ஓட வேண்டும். துணைக்கு இன்னோர் ஆளும் வேண்டும். ஒரே ஜக்கார்டு அட்டையை வைத்து நூறு புடவை நெய்தாலும் நூறும் அசல். ஒவ்வொன்றிலும் கை உழைத்திருக்கிறது. அதே கரையை விசைத்தறியில் ஓட்டிக் காஞ்சிப் பட்டு என்று விற்றால், அது போலி. கைத்தறிக்கென்று சில ரகங்களை ஒதுக்கி 1985-இல் சட்டம் வந்தது. 2005-06-இல் காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. ஆனாலும் போலி நின்றபாடில்லை.

இந்த நெசவைப் பற்றி நாம் எழுதிய கட்டுரை ஒன்று, பெயர் மாத்திரம் மாறி, வேறொரு பத்திரிகையில் வெளிவந்தது. விசாரித்தோம். "உங்கள் காப்பி நன்றாயிருந்தது, ஆகவே காப்பி எடுத்தோம்" என்று பதில் வந்தது. சொல் ஒன்றாயிருப்பதில் எவ்வளவு சௌகரியம், பாருங்கள்! இதை ஒரு நெசவாளரிடம் சொல்லி அங்கலாய்த்தோம். அவர் நாடாவை நிறுத்தாமலே, "உங்களுக்குப் பேர் போச்சு ஐயா, எங்களுக்குச் சோறு போகுது" என்றார். நம் கோபம் அவருடைய நஷ்டத்தின் முன் மிகச் சிறியதாகிவிட்டது.

செய்தி யாருக்கும் தனிச்சொத்தல்ல; அதைச் சொன்ன வாக்கியம் சொன்னவருக்குச் சொந்தம். 1957-ஆம் வருஷத்துப் பதிப்புரிமைச் சட்டத்தின் அடிப்படையும் அதுவே. உரிமை பொதுவானாலும் பெயரை அழிக்கலாகாது. பாரதியார் நூல்களின் உரிமையை 1949-இல் சென்னை அரசாங்கம் ஏற்றது. பின்னர் அவை பொதுவுடைமையாயின. இன்று யாரும் அவற்றை அச்சிடலாம். அதற்காகப் பாரதியின் பாட்டைத் தம் பாட்டென்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? பாரதிக்கு அஞ்சுகிற நாம், பெயர் தெரியாத எழுத்தாளனுக்கும் நெசவாளிக்கும் அஞ்ச வேண்டாமா?

1904-இல் சுதேசமித்திரனில் சேர்ந்து ஆங்கிலத் தந்திகளைத் தமிழாக்கிய அப்பெரியார், 'மெம்பர்' என்ற ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடித் திண்டாடியதைத் தாமே எழுதியிருக்கிறார். நமக்கு அந்தத் திண்டாட்டமும் இல்லை. கைப்பிரதி, இதழ், வாசகம், விஷயம், நகல் என்று ஒவ்வொன்றுக்கும் தனிச் சொல் தயாராக இருக்கிறது. திருடினதற்கும் இருக்கிறது: களவு. தறியில் நடந்தாலும் தாளில் நடந்தாலும் அதை அந்தப் பெயராலேயே அழைப்போம். காப்பி டம்ளரோடு இருக்கட்டும்.