வெற்று வானை நோக்கி

செட்டிநாட்டு நள்ளிரவில், மொட்டைமாடியிலிருந்து நாம் காணும் வானம் ஓசையற்றது. விண்ணில் சுழலும் எக்ஸ் கதிர்த் தொலைநோக்கிக்கோ அங்கே ஓயாத இரைச்சல். 2015 செப்டம்பர் 28 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ஏவப்பட்ட ‘ஆஸ்ட்ரோசாட்’டின் உணர்கருவிகளை அண்டக்கதிர்த் துகள்கள் இடைவிடாது தாக்கின, விண்மீனின் கதிர் போலவே அவையும் பதிவாயின.

தென் அட்லாண்டிக் கடலுக்கு மேலே துகள்கள் செறிந்த பகுதியொன்று உண்டு. அதனை இயன்றவரை விலக்கவே, 650 கிலோமீட்டர் உயரத்தில், நிலநடுக்கோட்டுக்கு 6 பாகை சாய்வில் பாதை வகுத்தனர். அதைக் கடக்கையில் மின்னழுத்தத்தைத் தாழ்த்திக் கருவிகளை உறங்கவைப்பர். ஒரு கருவியின் அடியில் சீசியம் அயோடைடு படிகம் காவலிருந்தது. இரண்டும் ஒரே கணத்தில் அதிர்ந்தால் வந்தது துகளே எனத் தள்ளிவிடலாம்.

எஞ்சிய இரைச்சலை எவ்வாறு அறிவது? ஒளிரும் மூலம் ஏதுமற்ற வெற்று வானை நோக்கிக் கருவியைத் திருப்பி, அங்கு பதிவாவதை எண்ணிக் கழித்தனர். அது வீண்பொழுது எனத் தோன்றலாம்; நாம் அவ்வாறு கருதவில்லை. அக்கணக்குச் சற்றே பிழைத்தாலும் மங்கிய மூலம் மறைந்துபோகும். இல்லாதது இருப்பதாகத் தோன்றும்.