சாங்கியிலிருந்து கென்னடிக்கு

ஜனவரி 14, சிங்கப்பூர் சாங்கி விமான நிலையம், இரவு

நியூயார்க் விமானம் ஏற இன்னும் சிறிது நேரம் இருக்கிறது. கிளம்புவதற்கு முன் வீட்டு உலக உருண்டையில் ஒரு நூலை வைத்துப் பார்த்தேன். சிங்கப்பூரில் ஒரு முனை, நியூயார்க்கில் மறு முனை. இறுக்கிப் பிடித்தால் நூல் வடதுருவத்தை ஒட்டிப் போகிறது. இரண்டு ஊர்களின் தீர்க்கரேகைகளும் ஏறக்குறைய நேரெதிரானவை. தூரம் சுமார் 15,350 கிலோமீட்டர். மணிக்கு 900 என்று வகுத்தால் 17 மணி நேரம். ஆனால் விமானிகள் பெரும்பாலும் நூல் காட்டும் வழியில் போவதில்லை.

ஜனவரி 15, நடுவானில்

திரையில் தைவான் போய், ஜப்பான் போய், இப்போது வெறும் பசிபிக். நூல் வழியைவிட இது நீளம். ஆனாலும் தரைவேகம் மணிக்கு 1,100 கிலோமீட்டரைத் தாண்டி நிற்கிறது! பத்து கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே பாயும் காற்று பின்னாலிருந்து தள்ளுகிறது. குளிர்காலத்தில், அதுவும் ஜப்பான் பக்கம், அதன் பலமே தனி. சுற்றிப் போனாலும் நேரம் மிச்சம், எரிபொருளும் மிச்சம்.

இந்தக் காற்றை 1920களிலேயே அளந்தவர் வாசபுரோ ஓய்ஷி. ஜப்பானின் தட்டேனோ வானிலை நிலையத்திலிருந்து பலூன் விட்டுவிட்டு, அது போகும் திசையையும் வேகத்தையும் குறித்துக்கொண்டே இருந்தார். உலகம் முழுக்கப் படிக்கட்டும் என்று எஸ்பெராந்தோ மொழியில் வெளியிட்டார். வெளியே யாரும் கவனிக்கவில்லை. 1944இல் ஜப்பான்மீது பறந்த அமெரிக்க பி-29 குண்டுவீச்சு விமானங்கள் அதே காற்றில் திணறின. அந்தப் பொறுமைசாலியை நினைத்தால் எனக்கு மனம் நெகிழ்கிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004இல் நான்கு எஞ்சின் ஏ340-500ஐ வைத்து நியூயார்க் பகுதிக்கு நிற்காமல் பறந்தது. எரிபொருள் செலவு கட்டுப்படியாகாமல் 2013இல் நிறுத்தியது. 2018இல் இரண்டு எஞ்சின் ஏ350இன் நெடுந்தூர வகையோடு மீண்டும் வந்தது. வழக்கமான ஏ350-900ஐவிட 24,000 லிட்டர் கூடுதலாக, மொத்தம் 1,65,000 லிட்டர் எரிபொருள் பிடிக்கும். எடை கூடாமலிருக்க 161 இருக்கைகள்தான். எகானமி வகுப்பே கிடையாது. எனக்கு அலுவலகம் டிக்கெட் எடுத்தது. பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொந்தக் காசில் போகும் பெரியவர்கள்தான் நடுவில் எங்கோ இறங்கி, மாறி ஏற வேண்டியிருக்கிறது. அவர்களுக்கல்லவா நிற்காத விமானம் தேவை!

ஜனவரி 15, நியூயார்க் கென்னடி விமான நிலையம், விடியுமுன்

நேற்று நள்ளிரவுக்குச் சற்று முன் கிளம்பி, இன்று விடியுமுன் இறங்கிவிட்டேன். டிக்கெட்டைப் பார்த்தால் ஓர் இரவு ரயில் பயணம் போலத் தெரியும். உண்மையில் 18 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருந்தேன்; செருப்பு காலில் நுழையவில்லை. சிங்கப்பூர் 13 மணி நேரம் முந்தியிருப்பதால் கடிகாரம் அதை மறைத்துவிடுகிறது.

பெற்றோரைத் தொலைதூரம் அனுப்பும் பிள்ளைகளே, டிக்கெட்டில் இருப்பவை இரண்டு ஊர்க் கடிகாரங்கள். பறக்கும் நேரம் எத்தனை மணி என்று தனியாகக் கேளுங்கள். அவர்கள் இன்சுலின் போடுபவர்களாக இருந்தால், கடிகாரம் மாறும்போது எந்த வேளைக்கு எவ்வளவு என்று மருத்துவரிடம் முன்கூட்டியே கேட்டு, தாளில் எழுதிக் கையில் கொடுத்தனுப்புங்கள்.