ஒரு கத்திக்கு ஒன்றேகால் இலட்சமா?

போன ஜூலை விடுமுறைக்குச் சூரிச்சில் இருந்து பெரியப்பாவின் மகன் வந்திருந்தார். நாங்கள் அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவோம். நாங்கள் என்றால் அக்காவும் தம்பியும். இதை எழுதுவது அக்கா. தம்பி பக்கத்தில் இருந்து "அப்பிடி இல்ல, இப்பிடி" என்று திருத்திக்கொண்டிருக்கிறான். அதனால் இது இரண்டு பேருடைய கதை.

கொட்டாஞ்சேனை வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அண்ணா ஒரு மடக்குக் கத்தியை வைத்தார். சாம்பல் நிறப் பிடி. ஒரு பூவில்லை, வேலைப்பாடில்லை.

"எவ்வளவு எண்டு நினைக்கிறியள்?"

"ஐயாயிரம்" என்றான் தம்பி.

"நானூறு டொலருக்கு மேல."

அடுப்படிக்குள் இருந்து அம்மாவின் குரல் வந்தது: "கத்திக்கோ? அதென்ன, தானே மீன் வெட்டுமோ?"

நாங்கள் உடனே கணக்குப் பார்த்தோம். டொலர் 300 ரூபா என்று வைத்தால் ஒன்றேகால் இலட்சம் வருகிறது. கம்பஸில் மஹாபொல 5000 ரூபாவாக இருந்த காலத்துக் கணக்கில் 25 மாதக் காசு. இரண்டு வருசம் சாப்பிடாமல், பஸ் ஏறாமல், போட்டோகொப்பி அடிக்காமல் சேர்த்தால் ஒரு கத்தி வாங்கலாம்.

அந்தக் கத்தியின் பெயர் செபென்ஸா. ஸுலு மொழியில் அதற்கு வேலை என்று பொருள். தென்னாபிரிக்காவில் இருந்து அமெரிக்காவின் ஐடஹோவுக்குப் போன கிறிஸ் ரீவ் என்பவர் உருவாக்கியது. அண்ணா விளக்கினார்: "கடையில குவிச்சு விக்கிற கத்தி ஒரு வகை. ஒரே ஆள் தன்ர பட்டறையில ஒவ்வொண்டா செய்யிறது இன்னொரு வகை, அது ஆயிரக்கணக்கில போகும். இது ரெண்டுக்கும் நடுவில. தொழிற்சாலையில செய்யிறது, ஆனா கையால செய்த மாதிரி."

காசு எங்கே போகிறது என்று கேட்டோம். பிடி டைட்டேனியம். அதைக் கடைவது கஷ்டம், வெட்டும் கருவிகள் கெதியில் தேய்ந்துவிடும். அலகு, உருக்கைப் பொடியாக்கி அழுத்திச் செய்த வகை. கூர் நீண்ட நாள் நிற்கும், ஆனால் அதே காரணத்தால் தீட்டுவதற்கு நேரம் எடுக்கும். பூட்டுக்கென்று தனித் துண்டு இல்லை. பிடியின் ஒரு பக்கத்தையே கீறி வளைத்து, அலகைத் தாங்கிப் பிடிக்கிற மாதிரிச் செய்திருக்கிறார்கள். அந்த வடிவத்தைக் கொண்டுவந்தவரும் ரீவ்தான். கழற்றித் துடைத்துத் திரும்பப் பூட்டினாலும் ஆட்டம் இருக்காது. பழுதென்றால் கொம்பனிக்கு அனுப்பலாம். மிச்சம் பெயருக்கான காசு. "அதையும் மறைக்கேலாது" என்றார் அண்ணா. அந்த நேர்மை எங்களுக்குப் பிடித்தது.

பரீட்சை வைத்தோம். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்த கறுத்தக்கொழும்பான் மூன்று. முதலாவதை அம்மாவின் புறக்கோட்டைக் கத்தியால் வெட்டினோம். சாணை பிடித்து ஒரு மாதம்தான், வழுக்கிக்கொண்டு போனது. இரண்டாவதை செபென்ஸாவால் வெட்டினோம். அதுவும் வழுக்கிக்கொண்டுதான் போனது. மூன்றாவதை அம்மா கடித்துச் சாப்பிட்டுவிட்டா. ஆக, மாம்பழத்தைப் பொறுத்தவரை ஒன்றேகால் இலட்சத்துக்கும் சில நூறு ரூபாவுக்கும் வித்தியாசம் இல்லை.

ஆனால் செபென்ஸாவைத் திறந்து மூடிப் பார்த்தபோது தம்பியின் முகம் மாறியதை நான் கண்டேன். (இந்த 'நான்' அக்கா.) சத்தம் இல்லாமல், தடங்கல் இல்லாமல் வந்து நின்றது. ஒரு சாமானில் எல்லாம் சரியாகப் பொருந்தியிருப்பது கைக்குத் தெரிகிறது. அது வெட்டுவதற்குத் தேவையா? இல்லை. விலையில் முதல் இருபது டொலர் வெட்டுவதற்கு. பிரான்ஸின் ஒபினெல் போன்ற மரப்பிடிக் கத்திகள் அந்த அளவில்தான் விற்கின்றன, நன்றாகவும் வெட்டுகின்றன. அடுத்த நூறு, கூர் நீடிப்பதற்கும் பூட்டு உறுதியாக இருப்பதற்கும். அதற்கு மேல் கொடுக்கிற ஒவ்வொரு டொலருக்கும் கிடைப்பது குறைந்துகொண்டே போகிறது.

இதை அம்மாவிடம் சொன்னபோது "விசர்" என்றா. அப்போது தம்பி ஒரு கேள்வி கேட்டான்: "உங்கட கூறை எவ்வளவு நாள் கட்டினீங்கள்?"

ஒரு நாள். அதுவும் பாதி நாள். வெள்ளவத்தையில் கடை கடையாக ஏறி இறங்கி எடுத்த சேலை இன்னும் அலுமாரிக்குள் பூச்சி உருண்டையோடு கிடக்கிறது. உடம்பை மூடுவதற்கு அவ்வளவு விலை தேவையில்லை என்று யாரும் சொல்வதில்லை. அம்மா பதில் சொல்லவில்லை, மாங்கொட்டையைச் சூப்பினா.

வெட்டாத கத்திக்கு விலை கொடுப்பது புதுப் பழக்கமும் இல்லை. கண்டி அரசர்களின் 'பட்டல் ஹத்தர' என்ற நான்கு பட்டறைகளில் 'பிஹா கெட்டா' என்ற கத்திகளைச் செய்தார்கள். தந்தமும் வெள்ளியும் வைத்த பிடி, அலகிலும் சித்திர வேலை. அரசரின் ஆட்களுக்கு அது அந்தஸ்து. கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி 1908இல் வந்த தன் மத்தியகாலச் சிங்களக் கலை நூலில் இந்தப் பட்டறைகளைப் பற்றி எழுதியிருக்கிறார். இன்று நியூயோர்க் மெட்ரோபொலிட்டன் நூதனசாலையில்கூட பிஹா கெட்டா இருக்கிறது. அதால் யாராவது மாம்பழம் வெட்டியிருப்பார்களா என்று தெரியாது.

போகும்போது அண்ணா செபென்ஸாவைத் தம்பியிடம் கொடுத்துவிட்டார். "என்னட்ட இன்னும் ரெண்டு இருக்கு. வச்சிரு."

உண்மையைச் சொல்கிறோம், அடுத்த கிழமையே நாங்கள் அதை விற்கப் பார்த்தோம். தம்பிக்கு லப்டொப் வேண்டும். 2022இல் 200 ரூபா டொலர் 360க்குப் போனபோது தள்ளிவைத்த லப்டொப் அது. அப்பாவுக்குச் சொல்லாமல் ஒரு கடைக்குப் போனோம். கடைக்காரர் திறந்தார், மூடினார், பெயரைப் பார்த்தார்.

"நாலாயிரம் தரலாம்."

"அண்ணை, இது நானூறு டொலர்."

"இருக்கலாம் தங்கச்சி. இங்க ஆருக்கு விக்கிறது?"

அவர் ஏமாற்றப் பார்க்கவில்லை. அமெரிக்காவில் இந்தக் கத்தியைப் பழையதாக விற்றாலும் நல்ல விலை போகும், ஏனென்றால் அதை அறிந்தவர்கள் அங்கே ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். விலை கத்திக்குள் இருக்கிறது என்று நினைத்துக்கொண்டு போனோம். பாதி விலை கத்தியை அறிந்த ஆட்களிடம் இருக்கிறது. அந்த ஆட்கள் இல்லாத ஊரில் அது நாலாயிரம். அப்படியே திருப்பிக் கொண்டுவந்தோம்.

அப்பாவுக்குத் தெரிந்துவிட்டது. ஏசுவார் என்று நினைத்தோம். அவர் அலுமாரி மேல் இருந்த பிஸ்கட் ரின்னை இறக்கினார். எங்கள் பிறப்புச் சான்றிதழ்கள், பழைய பொலிஸ் பதிவுத் துண்டுகள், எல்லாவற்றுக்கும் கீழே ஒரு சிவப்புக் கத்தி. விக்டோரினொக்ஸ். 2002இல் சமாதான காலத்தில் பெரியப்பா கொண்டுவந்து கொடுத்தது. கார்ல் எல்செனர் 1884இல் தொடங்கிய கொம்பனி. அவருடைய அம்மாவின் பெயர் விக்டோரியா. துருப்பிடிக்காத உருக்குக்குப் பிரெஞ்சில் சொல்லும் 'இனொக்ஸ்' 1921இல் அதோடு சேர்ந்தது. அதெல்லாம் நாங்கள் பிறகு தேடி வாசித்தது. அன்றைக்குக் கண்டது ஒன்றுதான்: அலகில் ஒரு கீறல்கூட இல்லை.

"பாவிக்கவே இல்லையா அப்பா?"

அப்பா அதிகம் கதைக்கிறவர் இல்லை. 1997இல் ஊரில் இருந்து வந்து வெள்ளவத்தையில் லொட்ஜில் இருந்தாராம். பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புக் கடையில் வேலை. கயிறு அறுக்க, பெட்டி உடைக்க ஒரு வில்லுக்கத்தி சேர்ட் பொக்கெட்டில் இருக்கும், ஊரில் தாத்தா பாவித்தது. ஒரு நாள் பின்னேரம் சோதனைச்சாவடியில் பொக்கெட்டைத் தடவினார்கள். அடையாள அட்டையில் யாழ்ப்பாணம். பொக்கெட்டில் கத்தி.

"அடுத்த நாள் மத்தியானம் விட்டவங்கள்" என்றார். "கத்தியத் தரேல்ல."

நடுவில் என்ன நடந்தது என்று கேட்க எங்களுக்கு வாய் வரவில்லை. அம்மா அடுப்படிக்குள் போய்விட்டா.

ஒரு கத்தியின் விலையை டைட்டேனியத்தாலும் உருக்காலும் பெயராலும் பிரித்துப் பார்த்தோமே, அதில் இந்தக் கணக்கு இல்லை. அண்ணா ஒவ்வொரு நாளும் கத்தியைப் பொக்கெட்டில் போட்டுக்கொண்டு ட்ராமில் வேலைக்குப் போகிறார். அந்தப் பொக்கெட்டுக்கு அவர் தனியாகக் காசு கொடுக்கவில்லை. அப்பா ஒரு ராத்திரியும் தாத்தாவின் கத்தியும் கொடுத்தார். இப்போது சோதனைச்சாவடிகள் இல்லை. ஆனாலும் "அத வெளிய கொண்டு போகாத" என்றுதான் தம்பிக்குச் சொன்னார். தம்பி முதல்முறையாக எதிர்த்துக் கதைக்கவில்லை.

செபென்ஸா பெறுமதியா என்று கேட்டால், அண்ணாவுக்குப் பெறுமதி. நல்லாய்ச் செய்த சாமானை விரும்புகிறார், உழைத்த காசில் வாங்குகிறார், பாவிக்கிறார். எங்களுக்கு இன்னும் தெரியாது. அது இப்போது அதே ரின்னுக்குள் இருக்கிறது. லப்டொப்புக்கு வேறு வழி பார்க்கிறோம்.

ஒரு விசயத்தை மட்டும் எழுத வேண்டும் என்கிறான் தம்பி. அடுத்த திங்கட்கிழமை காலை அப்பா வேலைக்கு வெளிக்கிட்டபோது சிவப்புக் கத்தியைச் சேர்ட் பொக்கெட்டில் போட்டார். நாங்கள் கண்டும் காணாத மாதிரி இருந்தோம். பின்னேரம் வந்து ரின்னைத் திறந்து திரும்ப வைத்தார்.

"ஏனப்பா?"

"பாரமாக் கிடக்கு."

தராசில் வைத்துப் பார்த்தோம். 60 கிராம் வரும்.